ஊறப்போடாத நாளிதழ்கள்

1995 ஆகஸ்ட் 15: தேசியக் கொடி, மெழுகுவர்த்தித் தாங்கியுடன். உயரம் 9 அங்குலம்.
1996 ஆகஸ்ட் 15: தாமிரபரணி அணைக்கட்டுகள் 8. நீளம் 14 அங்குலம்.
1997 ஆகஸ்ட் 15: அசோகச் சக்கரம். ஆரங்கள் 24, கேள்விகள் 24.
1998 ஆகஸ்ட் 15: சிங்கங்கள் 4. கண்ணுக்குத் தெரிபவை 3.
1999 ஆகஸ்ட் 15: இந்தியப் படம், மேடு பள்ளத்துடன். நீளம் 27 அங்குலம். வடக்குப் பகுதி முடியவில்லை.

நாளிதழை முழுக்கப் படித்த பிறகுதான் சாலோமி அம்மாள் அதைக் கிழிப்பார். பின்வாசல் படியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகே கொண்டுபோய் வரி விடாமல் பார்ப்பார். பார்த்து முடித்த பக்கம் விரல் அகலக் கீற்றுகளாகி வாளிக்குள் போகும். மூன்று நாள் ஊறியதும் வெந்தயத்தோடு ஆட்டுரலில் விழும். வெந்தயம் சேர்ந்தால் கூழ் நன்றாக ஒட்டும், பூச்சியும் அரிக்காது. அந்த வாசனை மதிலைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தால் சுதந்திர தினம் நெருங்குகிறது என்று பொருள்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் இருபத்தாறு வருடம் சமையல் கண்காணிப்பாளராக இருந்தவர். பந்தியில் கேள்வி கேட்டு, பதில் வந்த பிறகே கரண்டியைச் சாய்ப்பது அங்கே வந்த பழக்கம். ஓய்வு பெற்றபின் கேட்பதற்குப் பிள்ளைகள் இல்லை. எனவே ஒவ்வொரு ஆகஸ்டிலும் காகிதக் கூழில் ஒரு பொருள் செய்து, சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தார். ஆற்று நீர்மட்டம் அளந்து எழுதும் வேலையில் ஓய்வு பெற்ற நான் அவற்றையும் அளந்து குறித்துவைத்தேன். கணவர் இஸ்ரவேல், மருமகள் ஸ்டெபி, விருந்தாளி, யாரானாலும் அதைப் பார்த்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சக்கரம் வைத்த வருடம் நான் இரண்டு கேள்விகளில் தோற்று, நான் சைவம் என்பதால் தனியாக வைத்த தேங்காய்ப்பால் சொதியை ஆறிய பிறகே சாப்பிட்டேன்.

“ஏட்டி, முப்பது வருசம் பஸ்ல டிக்கெட்டு கிழிச்சவன் நான். சில்லறை இல்லன்னு ஒருத்தனையும் எறக்கிவிட்டதில்ல. நீ பதிலு சொல்லலன்னா சோறு போட மாட்டேங்கியே,” என்பார் இஸ்ரவேல்.

“நானும் எறக்கிவிடலயே. உக்காந்துதான இருக்கிய? யோசிங்க, வரும்.”

இந்த வருடம் இந்தியப் படம். ஒட்டுப்பலகையைத் தச்சரிடம் அறுத்து வாங்கிவந்த வாரம்தான் கார்கில் மலையில் சண்டை என்று செய்தி வந்தது. மகன் எபனேசர் ராணுவத்தில் நாயக். அம்மாள் அதைப் பற்றிப் பேசவில்லை. மலைகளின் உயரங்களை மட்டும் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். பத்தாயிரம் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்குச் செய்துகொடுத்தேன். முதலில் தெற்கே வேலை தொடங்கியது.

“என்னளா இது, பொதிகைய முகப்பரு மாதிரி வச்சிருக்க? தாம்ரவர்ணி இதுலயா பொறக்கு?” என்றார் இஸ்ரவேல்.

“இமயமல வரட்டும். அப்பந் தெரியும் அளவு.”

‘எபி எங்க இருக்கான்?’ என்பது அந்த மேஜையின் எளிய கேள்வி. ‘அம்பத்தாறு’ என்பாள் ஸ்டெபி. உடனே சோறு விழும். கடித உறையில் 56 ஏ.பி.ஓ. என்று இருந்ததை வடக்கே ஓர் ஊர் என்றே மூவரும் நினைத்திருந்தார்கள். ஜூன் மாதம், அந்த ஊரைப் படத்தில் எங்கே குறிப்பது என்று அம்மாள் என்னைக் கேட்டார். அது ராணுவ அஞ்சல் எண், பாலைவனத்தில் இருந்தாலும் பனிமலையில் இருந்தாலும் அதே எண்தான் என்று சொன்னேன்.

“அப்பம் இத்தன நாளும் தப்பான பதிலுக்கா சோறு போட்டேன்?” என்றார்.

அதன்பின் கடிதம் வந்தால் முதலில் மேல்மூலையில் உள்ள தேதியைத்தான் பார்த்தார். ஜூலை 5-ஆம் தேதி வந்த கடிதம் ஜூன் 21-இல் எழுதியது. “அன்னைக்கு இருந்திருக்கான்,” என்று சொல்லி மடித்தார். “நடுவுல பதினாலு நாளு கெடக்கு, அண்ணாச்சி.” பிறகு கடிதமே வரவில்லை.

கூழ் குறையத் தொடங்கியதும் அப்போதுதான். இறந்த வீரர்களின் படமோ பெயரோ வந்த பக்கத்தை அவர் கிழிக்கவில்லை. மடித்து, எபனேசர் உட்காரும் நாற்காலியில் வைத்தார். ஜூலையில் அப்படிப்பட்ட பக்கம் இல்லாத நாளிதழ் அரிது. தெருவில் கேட்டு வாங்கிவந்த கட்டுகளிலும் அதே முகங்கள்தான். விந்திய மலைவரை படம் ஏறி நின்றுவிட்டது. வடக்கே வெறும் பலகையும், கூழ் பிடிப்பதற்காக அடித்த ஆணிகளும் தெரிந்தன.

மதிலுக்கு மேலே தலையை நீட்டி ஒருநாள் கேட்டார்: “அண்ணாச்சி, ஆத்துத் தண்ணி அளந்து எழுதின நோட்டு அம்புட்டும் சும்மாத்தான கெடக்கு? ரெண்டு தாங்களேன்.”

தர முடியாது என்றேன்.

“தெரியும். தண்ணி வடிஞ்சு வருசக்கணக்காச்சு. உங்களுக்கு நோட்டு வடியல.”

ஜூலை 26-ஆம் தேதி போர் முடிந்ததாக அறிவித்தார்கள். எங்கள் பகுதியில் வேறு இரண்டு வீடுகளுக்கு, ராணுவத்தில் இருந்த பிள்ளைகளிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆகஸ்ட் 7, சனிக்கிழமை, அம்மாள் கடைக்குப் போன நேரத்தில் இஸ்ரவேல் நாற்காலியில் இருந்த கட்டிலிருந்து நான்கு தாள்களை எடுத்து வாளியில் முக்கினார். பதினைந்துக்குள் படம் முடிந்தால் அவள் கொஞ்சம் தெளிவாள் என்று நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

திரும்பி வந்த அம்மாள் பையைக் கீழே போட்டுவிட்டு முழங்கைவரை வாளிக்குள் கையை விட்டார்.

“ஏட்டி, அதுல நம்ம பய பேரு இல்லல்லா? நாலு தடவ பாத்துட்டுத்தான் போட்டேன்.”

“நம்ம பய பேரு இல்லன்னா ஊறப்போட்டு ஆட்டிருவியளோ?”

“வெறும் பேப்பருட்டி.”

“நாளைக்கு நம்ம வீட்டுப் பேரு வரும். அங்கன எவளோ ஒருத்தி வாளில முக்குவா. சரின்னு சொல்லுவியளா? சொல்லுங்க.”

ஸ்டெபி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாள் நான்கு தாள்களையும் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். மாலையில் ஒவ்வொன்றின் மேலும் வேட்டித் துணியை விரித்து இஸ்திரி போட்டார். ஒரு தாளில் முகம் பாதி அழிந்திருந்தது. அதன் கீழே இருந்த பெயரைப் பேனாவால் திரும்ப எழுதினார்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் என்னையும் சாப்பிட அழைத்தார்கள். பச்சையும் பழுப்புமாக வர்ணம் பூசிய படம் மேஜை நடுவில் இருந்தது. மேலே பலகையும் ஆணிகளும் அப்படியே இருந்தன. இலைகளைப் பார்த்தபடி எல்லோரும் காத்திருந்தோம். அம்மாள் பேசாமல் பரிமாறினார்.

“அத்தை, எதாவது ஒண்ணு கேளுங்களேன்,” என்றாள் ஸ்டெபி.

“சாப்பிடு மக்கா.”

“சும்மா ஒண்ணு. மகாநதி எங்க விழுதுன்னு கேளுங்க.”

“சோறு ஆறுது. சாப்பிடு.”

ஐந்து வருடத்தில் அந்த மேஜையில் கேள்வி இல்லாமல் விழுந்த முதல் சோறு அது. இஸ்ரவேல் பிசைந்துகொண்டே இருந்தார்; வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

நான்கு நாள் கழித்து, காலை பதினொன்று இருபதுக்குத் தபால்காரர் வைத்தியலிங்கம் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே வாசலிலிருந்து கத்தினார்: “யம்மா! பேனா எழுத்துதான்! பட்டாளத்து ஆபீசுல டைப்பு அடிச்சது இல்ல!”

இஸ்ரவேல் எழுந்தார், காலில் செருப்பு மாட்டவில்லை. சத்தம் கேட்டு நானும் அங்கே போய்விட்டேன். அம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்து, உறையை ஓரமாகக் கிழித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். மேல்மூலையை மட்டும் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். எபனேசரின் கையெழுத்து, ஆகஸ்ட் 6. போர் முடிந்து பதினோரு நாள் ஆன பிறகு எழுதியது.

“வாசிங்க அத்தை,” என்றாள் ஸ்டெபி.

“உம் புருசன் எழுதினது. நீ வாசி.”

கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, படத்தை இரண்டு கைகளாலும் தூக்கித் தையல் மிஷின்மேல் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அது இருந்த இடத்தில் மேஜையின் வெறும் பலகையில் கன்னத்தை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார்.

எபனேசரின் கடிதம் வந்தது: 1999 ஆகஸ்ட் 19, வியாழக்கிழமை.