மேரு கோபுரத்தில் அக்கா ஏறிய நாள்

குளவிகள் என் முகத்தை மொய்த்த அந்தக் கணம் இன்னும் மறக்கவில்லை. கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊரில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் புதிய உயர் மின்னழுத்தத் தடம் ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தோம். தடத்தில் இன்னும் மின்சாரம் விடவில்லை. மின்கோபுரத்தின் உச்சியில், கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் மாட்டப் போன நான், இரும்பு இடுக்கில் இருந்த கூட்டைக் கவனிக்காமல் கை வைத்துவிட்டேன். வலது கை வீங்கி விறைத்துப்போனது. ஒரு கண் மூடிக்கொண்டது. சேப்டி பெல்ட் என்னைத் தாங்கியது. ஆனால் ஒற்றைக் கையால் கொக்கியைக் கழற்றி மாட்டி இறங்க முடியவில்லை. கிள்ளான் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஏறத் தெரிந்த மற்றவர்கள் தூரத்தில் வேறொரு கோபுரத்தில் இருந்தார்கள். கீழே இருந்தது சூப்பர்வைசரும் அக்காவும் மட்டும்தான். எங்கள் குழுவில் ஒரே பெண் அவர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கோபுரம் ஏறும் பயிற்சியில் தேறியும், கீழே நின்று கயிறு இழுக்கத்தான் விட்டிருந்தார்கள். "மேல ஏதாச்சும் ஆச்சுன்னா உன் வீட்டுக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்பார் சூப்பர்வைசர். "இவனுங்க வீட்டுக்கு யாரு சொல்வாங்களோ, அவங்களேதான் பாஸ்" என்பார் அக்கா.

அன்று வாக்கி டாக்கியில் இருவர் பேச்சும் எனக்குக் கேட்டது.

"வேணாம்மா, மழை வருது லா. மத்தவங்க வரட்டும்."

"அவங்க வர்றதுக்குள்ள இடி வந்துரும் பாஸ். நான் ஏறுறேன்."

மழைக்கோட்டை மாட்டி, முகத்தைத் துண்டால் இறுகச் சுற்றிக்கொண்டு ஏறினார். அவரையும் குளவிகள் கொட்டின. ஒரு முறை கொக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். திரும்பிவிடுவாரோ என்று நினைத்தேன். மறுபடி ஏறி என் அருகே வந்து சேர்ந்தார்.

"தம்பி, என்னையே பாரு."

"கை வரலக்கா."

"கை என்கிட்ட இருக்கு லா. நீ காலை மட்டும் பார்த்து வை."

தான் கொண்டுவந்த கயிற்றை என் பெல்ட்டில் கோத்து, இரும்பில் ஒரு சுற்றுச் சுற்றி, என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். நான் தரையைத் தொட்ட பிறகுதான் அவர் இறங்கத் தொடங்கினார். அவர் லோரிக்குள் ஏறி உட்கார்ந்ததும் முதல் இடி விழுந்தது. உதடு வீங்கியிருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது அக்காவுக்கு.

நான் மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது, நான் பாதியில் விட்ட இன்சுலேட்டர்களை அவரே மாட்டி முடித்திருந்தார். அவரை மேலே அனுப்பியவர் அதே சூப்பர்வைசர்தான். அந்தத் தடத்தில் மின்சாரம் விட்ட நாளில் எல்லோரும் கோபுரத்தடியில் நின்றோம். தலைக்கு மேலே கம்பி மெல்ல ரீங்கரித்தது. "வந்துருச்சுடா!" என்று அக்கா கத்தினார். சூப்பர்வைசர்தான் முதலில் விசிலடித்தார்.

இப்போது சுங்கை பூலோ பக்கம் அக்காவின் தலைமையில் ஒரு குழு வேலை செய்கிறது. நானும் அதில் இருக்கிறேன். காலையில் ஒவ்வொருவர் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "சரி, ஏறலாம்" என்கிறார் அவர். ஆண்களும் பெண்களுமாக நாங்கள் ஏறுகிறோம்.