ஒப்பு நட்சத்திரம்

என் மனைவியின் தம்பி செய்யாத தவறை அவன்மேல் சுமத்தினேன். அவன் வேலை போனது. வீட்டிலும் அதே பொய்யைச் சொன்னேன். அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள்.

வேறு சூரியன்களைச் சுற்றும் தூசியைப் படிப்பதுதான் என் தொழில். அந்தத் தூசி வட்டுகளில்தான் கோள்கள் பிறக்கின்றன. ஆனால் நட்சத்திரத்தின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்து வட்டை மறைத்துவிடும். அதனால் தூசி இல்லாத இன்னொரு நட்சத்திரத்தைப் படமெடுத்து, முதல் படத்திலிருந்து அதைக் கழிப்போம். அதை ஒப்பு நட்சத்திரம் என்போம். எங்கள் குழுவில் மூத்தவர் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுப்பார், இளையவர் கழிப்பார். மூத்தவன் நான். இளையவன் என் மைத்துனன். கருங்குழியில் நெல் விளைவிக்கும் குடும்பத்திலிருந்து இயற்பியல் படித்து வந்தவன்.

ஒருநாள் திரையில், தூசி வட்டின் நடுவே ஒரு கரிய வளையம் தெரிந்தது. கோள் ஒன்று தன் பாதையில் தூசியைக் கூட்டிப் பெருக்கிய இடம் அது என்று நான் துள்ளினேன். அவன் துள்ளவில்லை.

"மாமா, நீ எடுத்த ஒப்பு நட்சத்திரத்துக்கே தூசி கீற மாதிரி தெரியுது. அதோட தூசியும் சேந்து கழிஞ்சி, இங்க ஓட்ட விழுந்திருக்கும். வேற ஒண்ண வச்சிப் பாத்துடலாம்."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான், மச்சான். உங்க அக்கா குழம்புல உப்பு பாக்கற மாதிரி." சிரித்துவிட்டுக் கட்டுரையை அனுப்பினேன். கண்டுபிடிப்பைக் கொண்டாடினார்கள். பிறகு வெளிநாட்டுக் குழு ஒன்று வேறு ஒப்பு நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தது. வளையம் இல்லை. எங்கள் ஆய்வு மையத்தின் இயக்குநர் எங்கள் இருவரையும் அழைத்து, "கழித்தது யார்?" என்று கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதிலாகும் பாதி உண்மை போதும் என்று தோன்றியது எனக்கு. "இவன்தான்" என்றேன். நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மைத்துனன் என்னை ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான். அவனது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. "உன் தம்பியோட அவசரத்தால என் பேர் கெட்டுச்சு" என்று அன்று மாலையே மனைவியிடம் சொன்னேன். அக்கா வாழ்க்கை கலங்கக் கூடாதென்று அவன் மறுக்கவில்லை. பல வருடம் கழித்து அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தபோது, போகலாமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஓய்வுபெற்றுத் திருவிடந்தைக்கு வந்தோம். அவன் பக்கத்திலேயே, மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறான் என்று தெரியும். சாலையில் எந்த வேன் போனாலும் ஓட்டுநர் முகத்தைத் தேடினேன். தேடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டில் உட்கார முடியவில்லை. கடற்கரைக்குப் போனால் அங்கேயும் நிற்க முடியவில்லை. கடைசியில், அந்தக் கட்டுரை வெளிவந்த ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதினேன்: தேர்வு என்னுடையது, எச்சரித்தவன் அவன், பழி என்னைச் சேர்ந்தது. அதை அச்சிட்டார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் வேன் நிறுத்தத்துக்குப் போனேன்.

நின்றபடியே படித்தான். பக்கத்து வேன்காரர், "இன்னா அண்ணாத்த, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார். "இல்லபா, எங்க மாமாவுக்கு இப்பத்தான் கண்ணு தெரியுதாம்" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினான்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொல்லிட்ட. அக்காகிட்ட சொன்னியா?"

பக்கத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"இத யாரு மாமா படிக்கப்போறா? எனக்கு இந்த வேலையே போதும். எங்க அக்கா பேசாம கீறதுதான் எனக்குப் பேஜாரு."

மறுநாள் காலை மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் கல்யாணத்துக்குப் போலாமான்னு கேட்டேனே. அப்பவும் தெரிஞ்சிகினுதான் வேணாம்னீங்களா?"

"ஆமாம்."

கீரையை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தாள். மதியம் வேன் வந்து நின்றது. அவன் வாசலிலேயே நின்றான். அவள் துணிமணி வைத்த பையோடு வெளியே வந்து அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் முகத்தில் பாதி நரைத்த தாடி.

"சாப்ட்டியாடா?"

"இன்னும் இல்லக்கா."

பையை என் காலருகே வைத்துவிட்டு அவனை உள்ளே அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். அவன் ஏதோ சொல்ல, அவள் சிரிப்பதும் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. பையைக் காவல் காப்பவன்போல நான் வெளியே நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. பிறகு இருவரும் தங்கள் ஊரான கருங்குழிக்குக் கிளம்பினார்கள்.

மாத்திரை போட்டேனா என்று அவள் தினமும் தொலைபேசியில் கேட்கிறாள். போட்டேன் என்கிறேன். எப்போது வருவாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளாகவும் சொல்லவில்லை.