அடிப்பலகையில் இருந்த முத்திரை

மரப்பெட்டியை விற்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். யாரும் என்னை நெருக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மடவார் வளாகத்தில் ஒற்றை அறையும் அடுப்படியுமாக ஒரு வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. மகள் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வந்து தன்னோடு இருக்கச் சொல்லி ஓயாமல் கூப்பிடுவாள். போகலாம்தான். ஆனால் அவள் வீட்டில் குத்தவைத்து உட்காருகிற கக்கூஸ். என் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ் ஒன்று போட்டால்தான் நான் அங்கே காலம் தள்ள முடியும். மருமகன் தங்கமான ஆள். "நான் போட்டுத் தாரேன் அத்தே" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் உட்கார்ந்து எழுந்திருக்கிற இடத்துக்கு நான்தான் காசு கொடுக்க வேண்டும். அப்படித்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

என்னிடம் விற்கிற மாதிரி இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். மம்சாபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில் என் அப்பா மாட்டுவண்டி ஓட்டினார். எனக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் பலகை கொண்டுவந்து, ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துச் செய்த பெட்டி. மதகிரி வேம்பு. மூடியைத் திறந்தால் இன்றைக்கும் வாசம் வரும். பூச்சி ஒன்றும் உள்ளே போகாது. அதில் வைத்த பட்டுச்சேலை ஒன்றுகூட அரிபட்டதில்லை.

மகள் செல்போனில் அதைப் படம் பிடித்து, இராஜபாளையத்தில் பழைய மரச்சாமான் வாங்கி விற்கிற பாய் ஒருவருக்கு அனுப்பினாள். அவர் ஒரு திங்கள்கிழமை காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு உள்பக்கம் நகத்தால் லேசாகக் கீறி, மறுபடியும் மோந்தார்.

"மதகிரி வேம்புதான். வெளியூர்க்காரங்க இதைச் சீடர்னு கேட்டு வாங்குவாங்க ஆச்சி. நல்ல வேளை, உள்ள வார்னிஷ் அடிக்கலை. அடிச்சிருந்தா வாசம் செத்துப் போயிருக்கும்."

மூலைகளைத் தடவினார். இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி பலகைகளை வெட்டிச் சேர்த்திருப்பதை எனக்குக் காட்டினார். பின்பலகையில் செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தார். கோடு கோடாக ரம்பம் போன தடம் தெரிந்தது.

"கோடு வட்டமா விழுந்திருந்தா மெஷின்ல அறுத்தது. இது நேரா விழுந்திருக்கு. ரெண்டு ஆள் நின்னு கையால இழுத்து அறுத்த பலகை. ஆனா ஆணி கம்பி ஆணி. அதனால வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்னு சொல்ல முடியாது."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? என் கல்யாணத்துக்குச் செஞ்சது. என் வயசைக் கணக்குப் போட்டுக்கிடும்" என்றேன்.

பாய் சிரித்துவிட்டார். "விக்கிறவுக எல்லாரும் நூறு வருசம், எரநூறு வருசம்னுதான் சொல்லுவாக. உள்ளதைச் சொன்னது நீங்க ஒரு ஆளுதான் ஆச்சி."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட நிற்கவில்லை. அடிப்பலகை உளுத்திருக்கிறதா பார்க்க வேண்டும் என்று அவர் பெட்டியைக் காலி செய்து கவிழ்த்தார். செங்கல் மேல் வைத்த நாளிலிருந்து அதை யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. வெள்ளையடிக்கும்போதுகூட நகர்த்துவதோடு சரி. அடிப்பலகையில் ஒரு ஓரமாக, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக ஒரு முத்திரை அமுங்கி இருந்தது. உள்ளே இங்கிலீஷ் எழுத்து இரண்டு. கீழே இரண்டு எண்.

பாய் செல்போன் வெளிச்சத்தை அதன்மேல் அடித்தார். முத்திரையை விரலால் தடவினார்.

"ஆச்சி, இது ஃபாரஸ்ட் முத்திரை மாதிரில்ல இருக்கு."

"அப்படின்னா?"

"சர்க்கார் மரம். பில்லு, சீட்டு ஏதாச்சும் இருக்கா?"

"அந்தக் காலத்துல எவன் சீட்டுக் குடுத்தான்?"

"எனக்கும் சரியாத் தெரியலை. தெரியாம ஏத்திக்கிட்டுப் போனா நாளைக்கு எனக்கும் கேள்வி வரும், உங்களுக்கும் வரும். அறுவை மில்லுல இருந்த பெரியவர் ஒருத்தரு இருக்காரு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு அவரைக் கூட்டிக்கிட்டு வாரேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிக்கிட வேண்டாம்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் சொன்னார். ஆனால் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் பயமே பிடிக்கிறது.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விறகுக்குப் போன பெண்களை ஃபாரஸ்ட்காரர்கள் பிடித்து உட்கார வைத்ததை எல்லாம் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். செண்பகத்தோப்பு ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் தலைச்சுமையைப் புதருக்குள் தள்ளிவிட்டு ஓடுவோம். அந்தக் கால் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வயதாகிவிட்டால் பயம் மறந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயத்தோடு பயமாக இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அப்பா அந்தப் பலகைகளைக் கொண்டுவந்தபோது வண்டியில் மேலே வைக்கோல் போட்டு மூடியிருந்தார். நான்தான் வைக்கோலை இழுத்துப் போட்டேன். அப்போது அது ஒன்றாகவும் தோன்றவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காட்டு மரம். காசில்லாம வந்திருக்கும்" என்றார். நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. எங்கள் அப்பா அடுத்தவர் துரும்பைத் தொடாதவர் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சொன்னேனே தவிர, எங்கே வாங்கினீர்கள் என்று அப்பாவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று அந்தத் திங்கள்கிழமை மத்தியானம்தான் யோசித்தேன். கேட்கப் பயந்துதான் இருந்தேனோ?

மகளுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, அந்தப் பெட்டி படத்தை அழிச்சிரு."

"எதுக்கும்மா? பாய் எம்புட்டுக்குக் கேட்டாரு?"

"அழின்னா அழி."

"என்னம்மா, சீரியல்ல வர்ற மாதிரிப் பேசுதே. நான் ஷிப்ட்டுல இருக்கேன், பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாள். அவள் போனிலிருந்து போன படம். கேள்வி வந்தால் முதலில் அவள் வாசலுக்குத்தானே போவார்கள்? கம்பெனியில் என்ன சொல்வார்கள்? மருமகன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

மறுநாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். முத்திரை இருந்தால்தானே கேள்வி? உப்புத்தாள் வாங்கப் போனேன். பக்கத்துக் கடையில் என்னைத் தெரியும் என்று, நொண்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனேன்.

"எதுக்கு ஆச்சி உப்புத்தாளு?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தோசைக்கல் தேய்க்க."

"தோசைக்கல்லுக்கு இது எதுக்கு? செங்கப்பொடி போதுமே."

"என் தோசைக்கல்லு, என் இஷ்டம். குடும்."

கதவைச் சாத்தினேன். பெட்டியைக் கட்டிலில் முட்டுக் கொடுத்துச் சாய்த்தேன். கனமில்லாத மரம், ஆனாலும் என் இடுப்பு விட்டுப் போனது. முதலில் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். பிறகு உப்புத்தாள். சுரண்டச் சுரண்ட அதன் வாசம் கிளம்பியது பாருங்கள், வீடே மணத்தது. அந்த வாசத்துக்கும் பயந்தேன். பயந்த மாதிரியே பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் நின்று குரல் கொடுத்தாள்.

"பெரியம்மா, என்ன பென்சில் சீவுன வாசம் அடிக்குது? பள்ளிக்கூடம் சேந்துட்டியளா?"

"தலை வலிக்குது, தைலம் போட்டிருக்கேன். போ, போயி உன் சோலியைப் பாரு."

"இந்தத் தைலம் எங்க விக்கிதுன்னு சொல்லுங்க, நானும் வாங்குதேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவள் போன பிறகும் செத்த நேரம் நான் கையை அசைக்கவில்லை.

ஒருவழியாக முத்திரை மறைந்தது. குழி தெரியாமல் வழவழவென்று ஆகிவிட்டது. விரல் நுனி இரண்டு தோல் உரிந்திருந்தது. தூள் ஒட்டியிருக்கக் கூடாது என்று வெந்நீரில் துணியை நனைத்து, அந்த இடத்தில் வைத்து நன்றாக அழுத்தித் துடைத்தேன். அன்றைக்குத்தான் இரண்டு வாய் சோறு இறங்கியது.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தேன். விரலில் ஏதோ தட்டியது. ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.

முத்திரை திரும்ப வந்திருந்தது.

முன்பு அமுங்கி இருந்தது, இப்போது வெளியே புடைத்துக்கொண்டு நின்றது. அதே வட்டம். அதே இரண்டு எழுத்து. அம்மை போட்ட மாதிரி மரத்தின் தோலில் எழும்பி இருந்தது. நான் தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அரை நாள் உட்கார்ந்து தேய்த்தவள் நான். யாரும் உள்ளே வரவில்லை, கதவு சாத்தியே இருந்தது. திருட்டை மறைக்கப் பார்த்தாயே என்று மரமே எழுதிக் காட்டியதாகத்தான் எனக்குப் பட்டது. பக்கத்துக் கோயிலில் வைத்தியநாதரிடம் போய் நின்றேன். வாய் திறந்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. அப்பாவைக் காப்பாற்று என்பதா, என்னைக் காப்பாற்று என்பதா? கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுபடியும் அதைத் தேய்க்க எனக்குத் தைரியம் இல்லை. புதனும் வியாழனும் பெட்டி இருக்கிற பக்கம் திரும்பாமலே நடமாடினேன். வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் கை தானாக முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். வியாழன் சாயங்காலம் ஒன்றைத் தீர்மானித்தேன். அப்பா எடுத்திருந்தால் எடுத்ததுதான். அதற்கு மகள் நான் பொறுப்பு, என் மகள் பொறுப்பில்லை. யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் பாய் வந்தார். கூட வந்த பெரியவருக்கு என்னைவிட நாலு வயது கூட இருக்கும். அறுவை மில்லில் வேலை பார்த்தவர், ஒரு கையில் இரண்டு விரல் இல்லை. உட்காரச் சொல்வதற்கு முன்னால் நானே ஆரம்பித்தேன்.

"தப்பு நடந்திருந்தா எங்க அப்பாவோட போச்சு. என் மகளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. முத்திரையைத் தேய்ச்சதும் நான்தான்."

பாய் முகம் மாறிவிட்டது. "தேய்ச்சியளா?"

பெரியவர் பெட்டியிடம் போய்க் குனிந்தார். தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, திருட்டு மரத்துக்கு எவனாச்சும் முத்திரை குத்துவானா?"

எனக்குப் புரியவில்லை.

"ஃபாரஸ்ட் டிப்போவுல மரத்தை ஏலம் விடுவாக. காசு கட்டின பொறவுதான் மரம் வெளிய போகும். போறப்ப ஒவ்வொரு துண்டுலயும் சுத்தியலால இதை ஓங்கி அடிப்பாக. காசு கட்டியாச்சு, இவனை விடுன்னு அர்த்தம். இது இல்லாத மரம்தான் திருட்டு மரம். உங்கப்பன் வாங்கின ரசீதையில்ல நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கீக!"

"வைக்கோல் போட்டு மூடிக் கொண்டாந்தாரே" என்றேன்.

"கொதிக்கிற வெயில்ல பச்சைப் பலகையைத் திறந்து போட்டுக்கிட்டு வந்தா வெடிச்சிராதா? வெவரம் தெரிஞ்ச வண்டிக்காரரு."

பெரியவர் அந்த இரண்டு எண்ணை வருடம் என்று படித்துச் சொன்னார். என் கல்யாணத்துக்கு முந்தின வருடம். முத்திரை எப்படித் திரும்ப வந்தது என்று கேட்டேன். ஓங்கி அடித்ததில் மரத்துக்குள்ளே ஆழம் வரைக்கும் நார் அமுங்கி இருக்குமாம். மேலே உள்ளதைத்தான் நான் எடுத்திருக்கிறேன். வெந்நீர் பட்டதும் அமுங்கிக் கிடந்தது ஊறி எழுந்துவிட்டதாம். "வெந்நீர் ஒத்தடம் குடுத்தீகள்ல, அதான் வீங்கிருச்சு" என்றார். பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பயம் போன மாதிரித் தெரியவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. மாமியார் ஒரு நாள் சொன்னதற்குச் சோறு தின்னாமல் கிடந்தவள் நான். இப்போது நானே நாலு நாள் அப்பாவைத் திருடன் என்று நினைத்து முடித்து, அதற்குப் பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன். இப்படி நினைக்கக்கூடியவள் நான் என்பதுதான் இப்போது பயமாக இருந்தது.

விலைக்கு வந்தோம். பாய் மறைக்காமல் சொன்னார். முத்திரையோடு பழைய தோல் அப்படியே இருந்திருந்தால் பதிமூன்றாயிரம். தேய்த்த இடம் புதிதாகத் தெரிகிறது, வாங்குகிறவர்கள் கேட்பார்கள், அதனால் பதினோராயிரம்.

"சரி, அந்த ரெண்டாயிரம் நான் தேய்ச்ச தேய்ப்புக்கு" என்றேன். கக்கூஸுக்குப் பதினோராயிரம் போதும். சுவருக்கு டைல்ஸ் வேண்டுமானால் மருமகன் ஒட்டிக்கொள்ளட்டும்.

"பெட்டி வந்த வழி என்னன்னு ஒரு பேப்பர் வேணும் ஆச்சி. வழியில யாரும் கேட்டா காட்டணும். நான் எழுதுதேன், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"பேப்பரைக் குடும். நானே எழுதுதேன்."

"உங்களுக்கு எதுக்கு ஆச்சி சிரமம்?"

"குடும்ங்கேன்."

நான் மூன்றாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். என் அப்பா பெயரை முதலில் எழுதினேன். இது அவர் ஏலத்தில் காசு கட்டி எடுத்த மரம் என்று எழுதினேன். 'ஏலம்' என்ற சொல்லில் அழுத்தியதில் பேனா பேப்பரைக் கிழித்துவிட்டது. இன்னொரு பேப்பர் கேட்டு வாங்கி, முதலிலிருந்து எழுதினேன். பாய் மணியைப் பார்த்தார். பெரியவர், "இருக்கட்டும், அவிய எழுதட்டும்" என்றார்.

எழுதி முடித்து, பாயிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஒரு தடவை படித்தார். போதாது என்று இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.