பன்றிக் காசு

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் கொழுந்தனார், வருடத்துக்கு ஒருமுறை லீவில் எங்கள் ஊரான வாழவந்திக்கு வருவார். வரும்போதெல்லாம் அவர் மனைவிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, ஒரு தங்கக் காசு வரும். சீனர்கள் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மிருகத்தின் பேர் வைப்பார்களாம். அந்த வருட மிருகம் காசில் இருக்கும். சேவல், நாய், எலி என்று பன்னிரண்டு வருடத்தில் பன்னிரண்டும் அவளிடம் சேர்ந்துவிட்டன. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரைக் கட்டிய எனக்குச் சேர்ந்தது ஒரு ஜோடி கம்மல்.

எனக்கு வயிறு எரிந்தது. அவளோ காசுகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுக்கவே மாட்டாள். கீறல் விழுந்தால் மதிப்புப் போய்விடுமாம். கழுத்தில் போடாத தங்கம் எதற்கு, காசுமாலையாகக் கோத்துப் போடு என்று இடித்துக் காட்டுவேன். அதற்கும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது.

ஒருநாள் நான் பிறந்த வருடத்தைக் கேட்டாள். தன்னைவிட எனக்கு எத்தனை வயது கூட என்று கணக்குப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னேன்.

அடுத்த பொங்கலன்று ஒரு சின்னப் பெட்டியை என் கையில் வைத்து, எனக்குத்தான் என்றாள். திறந்தால் பன்றி. எங்கள் மரவள்ளிக் காட்டை ராவோடு ராவாகக் கிளறிவிட்டுப் போகிற அதே பன்றி. பன்னிரண்டில் எனக்கு இதுதானா? சிரித்தபடி வாங்கிக்கொண்டேன். மறுவாரமே பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய்ப் பத்தரிடம் கொடுத்தேன். காசாகவே வைத்துக்கொள்ளலாமே என்றார். உருக்குங்கள் என்றேன். பன்றி போய் மோதிரம் வந்தது.

வேண்டுமென்றே அந்த விரலை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். காசு எங்கே என்று கேட்டாள். இதுதான் அது என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

"ஏனுங்கக்கா, நீங்க பொறந்தது பன்னி வருசமுங்க. அதுல பொறந்தவங்களுக்கு நொம்ப நல்ல மனசாமா. ஒண்ணு கொறஞ்சா செட்டுக்கே மதிப்பில்லைன்னு உங்க கொழுந்தனாரு சத்தம் போட்டாரு. அக்காளுக்குத்தானேன்னு நாந்தான் எடுத்தாந்தனுங்க."

மோதிரத்தைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

அதுவரை அவள் தங்கத்தைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். அன்றிலிருந்து அவள் மனசைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். தங்கமாக இருந்தால் என்றைக்காவது ஒருநாள் நானும் வாங்கியிருப்பேன்.