நெய்த்தேங்காய்க்கு இடமில்லை

ஓமன் நாட்டுச் சலாலாவில் எங்கள் சைட் இன்ஜினியர் ஓர் அமெரிக்கர், மார்மன் மதத்தைச் சேர்ந்தவர். அவருடைய முன்னோர் தங்கள் மதத்துக்காக ஊரை விட்டு, கைவண்டி இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடந்தவர்களாம். வண்டியில் ஆளுக்கு இவ்வளவு எடைதான் என்று கட்டுப்பாடு. சட்டி, பானை, போர்வை என்று ஒவ்வொன்றாக வழியில் போட்டுவிட்டு நடந்தார்கள், பனியில் பலர் செத்தும் மற்றவர்கள் திரும்பவில்லை என்று டீ நேரத்தில் சொன்னார். நான் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்துத்தான் இதையெல்லாம் சொன்னார்.

மாலை போட்டது மகளுக்காக. மூன்று வயதாகியும் அவள் எழுந்து நிற்கவில்லை. எனக்கு லீவு கிடைக்காது. எங்கள் ஃபோர்மேனுக்குக் கிடைத்திருந்தது. பதினெட்டு வருடம் மலை ஏறியவர், கேம்ப்பில் எல்லோருக்கும் அவர்தான் குருசாமி. எல்லார் நெய்த்தேங்காயையும் தானே கொண்டுபோய் அபிஷேகம் செய்கிறேன் என்றார். ஏழு பேர் நாற்பத்தொரு நாள் விரதம் இருந்தோம். சைட்டில் ஷூ கட்டாயம், அதனால் கேம்ப்புக்குள் மட்டும் வெறுங்கால். மெஸ்ஸில் கோழிக்குழம்பு மணக்கும், நாங்கள் மோர்ச்சோறு தின்போம். கடைசி நாள் தேங்காயின் கண்ணைத் துளைத்து, நீரை வடித்து, மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி நெய் ஊற்றினேன். ஓட்டிலும் அவள் பெயரைப் பேனாவால் எழுதினேன்.

பத்து நாளில் சன்னிதானத்தில் அவர் நிற்கும் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. எல்லார் நெய்யும் ஐயனுக்கு ஆயிற்று என்று எழுதியிருந்தார். அழுதுகொண்டே மனைவிக்கு அனுப்பினேன்.

அடுத்த வாரம் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்க அவர் கட்டிலை நகர்த்தினோம். அடியில் ஓர் அரிசிச்சாக்கு. அதற்குள் ஏழு தேங்காயும் இருந்தன. அடைப்பு மெழுகுகூட உடையவில்லை. மகள் பெயர் எழுதியதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

லீவு முடிந்து அரவணைப் பிரசாத டப்பாவோடு வந்தவரைத் தனியாகக் கேட்டேன். மனுஷனுக்கு முகம்கூட மாறவில்லை.

"வெயிட்டு ஏறிப்போச்சு சாமி. முப்பது கிலோதான் விடுறான். டிவிய விட்டுட்டுப் போனா வீட்டுல என்னைய உள்ள விடுவாளா? ஐயன் எங்கதான் இல்ல, சொல்லு."

சாமிக்காகச் சட்டிபானையை வழியில் போட்டவர்கள் கதையை இதே ஊரில்தான் கேட்டிருந்தேன். இந்த ஆள் டிவிக்காகச் சாமியைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். பதினெட்டு வருடம் எதற்குத்தான் ஏறினாரோ. கழுத்தைப் பிடித்திருப்பேன், போன் அடித்தது. மனைவி.

"பாப்பா செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அபிஷேகம் ஆன நாள்லேருந்தே காலை ஊணிப் பார்த்துச்சு, நான்தான் கண்ணு பட்டுரும்னு சொல்லல." அவளுக்குக் குரல் உடைந்தது. "குருசாமி வந்துட்டாருல்ல? எனக்காக அவரு கால்ல விழுந்து கும்பிடுங்க."

அவர் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கும்பிட்டுட்டேன்" என்றேன்.