ஒரிஜினலைக் கொடுங்க, எழுந்து போகிறோம்

நான் ப்ளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த கோடை அது. ஊர், நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா பருத்தி எடுக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போதே சேர்ந்தால் சீட் உறுதி, ரிசல்ட் வந்த பிறகு கிடைக்காது என்றார். எனக்கோ மார்க்கை நினைத்துப் பயம். 'வேறெங்கும் சேரமாட்டேன்' என்று அந்தப் படிவத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் ஒரிஜினலாகவே தூக்கிக் கொடுத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். நான் ஆசைப்பட்ட அரசு வேளாண்மைக் கல்லூரி கவுன்சலிங்குக்கு அழைப்பும் வந்துவிட்டது. ஒரிஜினல் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தனியார் கல்லூரிக்கு ஓடிப்போய்க் கேட்டேன். கையெழுத்துப் போட்டது நீதானே என்றார் மேனேஜர், தலையைக்கூட நிமிர்த்தாமல். கவுன்சலிங்குக்கு இரண்டே நாள்தான் இருந்தது.

அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னேன். திட்டித் தீர்த்துவிட்டார்.

"எங்கப்பா வெத்துத் தாள்ல கைநாட்டு வச்சித்தான் குத்தகை நிலத்தை விட்டாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. படிச்ச உனக்கு என்னடி வந்துச்சு?"

மறுநாள் காலையில் அம்மாவும் அவரோடு நடவுக்குப் போகும் நான்கு பெண்களும் என்னோடு பஸ் ஏறினார்கள். எங்கள் பக்கத்தில் கூலி ஒத்துவரவில்லை என்றால் நடவுப் பெண்கள் கத்தமாட்டார்கள். வயலில் இறங்காமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். பறித்த நாற்று வெயிலில் வாடத் தொடங்கியதும் நிலக்காரர் தானாகப் பேச வருவார். அன்றைக்கு அவர்கள் உட்கார்ந்தது அட்மிஷன் அலுவலக வாசலில்.

வாட்ச்மேன் வந்து விரட்டிப் பார்த்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் மேனேஜர். யாரும் அசையவில்லை. பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் என்ன விஷயம் என்று கேட்கக் கேட்க, அம்மா ஒவ்வொருவருக்கும் நடந்ததை முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னார். கேட்ட சிலர் கையிலிருந்த சான்றிதழ்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் மேனேஜரின் குரல் இறங்கியது. உள்ளே வந்து உட்கார்ந்து பேசலாமே என்றார்.

"பேச ஒண்ணுமில்ல சார். புள்ளையோட ஒரிஜினலைக் குடுங்க, எந்திரிச்சிப் போயிடுறோம்."

மதியத்துக்குள் இரண்டும் என் கைக்கு வந்தன. இனிமேல் சீட் கேட்டு இந்தப் பக்கம் வரக் கூடாது என்றார் மேனேஜர். வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார் அம்மா.

நான் ஆசைப்பட்ட கல்லூரியிலேயே படித்தேன். இன்று வேளாண்மை அலுவலராக இருக்கிறேன். கையெழுத்துப் போட்டாயே என்று அந்த மேனேஜர் இப்போது கேட்டாலும், ஆமாம், போட்டேன், தப்புதான் என்பேன்; ஆனால் பதினேழு வயதில் பயந்துபோய்ச் செய்த ஒரு தப்புக்காக என் படிப்பை யாரிடமும் ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் எனக்கு அன்றும் இல்லை, என்றும் இல்லை.