ஹாக்கிக்காரர்களின் தூண்டில்

நேற்று பேரன் டெலிவிஷனில் ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். பனிக்கட்டி மேல் ஹாக்கியாம். சுடுமணலில் ஹாக்கி ஆடியவனுக்கு அதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. கோல்கீப்பர் முகத்தில் கம்பிக் கூண்டு மாட்டியிருந்தான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஏகாம்பரத்துக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால்.

ஐம்பதுகளின் தொடக்கம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். வேலை முடிந்ததும் கிரீஸ் நாற்றத்தோடு ராயபுரம் கடலோர மைதானத்துக்கு ஓடுவோம். மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மணலில் செம்மண் கொட்டி மிதித்த இடம், அவ்வளவுதான். நான் லெஃப்ட் ஹாஃப். பந்தைவிட எதிராளியின் முட்டியை அதிகம் அடித்தவன் என்று பெயர். கோலில் நிற்பது ஏகாம்பரம், பக்கத்து மீனவர் குப்பத்துக்காரன். முன்னால் டெரிக், ஆங்கிலோ இந்தியன், ரயில் டிரைவர் மகன். எல்லோரும் ஒரே ஒர்க்‌ஷாப், ஏறக்குறைய ஒரே வயது. டெரிக் அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது.

ஒரு நாள் பயிற்சியில் அப்படித்தான் அடித்தான். பந்து எகிறி ஏகாம்பரத்தின் இடது கண்ணில் பட்டது. காலுக்குத் தடுப்புக் கட்டியிருந்தான். முகத்துக்கு அந்தக் காலத்தில் ஏது? ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு டெரிக் மட்டையைத் தொடவில்லை. ஏகாம்பரத்தைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தவன், உள்ளே நுழையாமல் திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

கடைசியில் ஏகாம்பரமே, கண்ணில் பச்சைத் துணியோடு ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு வந்தான்.

"ஞாயித்துக்கெயம காலைல எல்லாரும் கல்லாண்ட வாங்கடா. தூண்டி போடக் கத்துக் குடுக்குறேன்" என்றவன், என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னான்: "டெரிக்க இஸ்துகினு வா."

துறைமுகச் சுவரோரக் கருங்கற்களில் டீம் முழுக்க உட்கார்ந்தோம். முள்ளில் குத்தப் பழைய இறால். இன்றும் மீன் மார்க்கெட்டில் அந்த வாடை அடித்தால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் நினைவுக்கு வரும். நான் முதல் வீச்சிலேயே தூண்டில் முள்ளை என் சட்டையில் மாட்டிக்கொண்டேன்.

"மாமு, பெரிய மீனா கீதே" என்றான் ஏகாம்பரம். எல்லோரும் சிரித்தார்கள், டெரிக்கைத் தவிர.

ஏகாம்பரம் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தூண்டில் நூலை அவன் விரல்மேல் போட்டான். நூல் துடித்தது. டெரிக் வெடுக்கென்று இழுத்தான். வெறும் முள்தான் வந்தது. ஏகாம்பரம் மறுபடி இறால் குத்திக் கொடுத்தான்.

"அவசரப்படாத. இப்ப மோந்து பாக்குது. வாய்ல கவ்விகினு ஓடும், அப்ப இஸ்துக்கோ."

டெரிக் கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "ஏகா, என்னைய ஒரு வார்த்த திட்டிடேன்."

"திட்னா கண்ணு வந்துருமா? நீ இன்னா, வேணும்னா அட்ச்ச? வெரல்ல கவனம் வை."

டெரிக் விரலில் நூல் மறுபடி துடித்தது, அவன் பொறுத்திருந்தான். பிறகு டெரிக் இழுத்தான். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிழங்கான் துள்ளிக்கொண்டு வந்தது. அதைக் கையில் பிடித்தபடி குலுங்கி அழுதான். ஏகாம்பரம் மீனைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, அவன் முதுகில் கையை வைத்தான். நாங்கள் அவரவர் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டெரிக் மறுபடி ஆட வந்தான். ஆனால் பந்தைத் தரையோடுதான் அடிப்பான். ஏகாம்பரம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பான். ஞாயிறுகளில் கல்லுக்குப் போவதும் நடந்தது, டெரிக்கின் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் வரைக்கும். வழியனுப்ப நாங்கள் போயிருந்தோம்.

"அங்க ரொம்பக் குளுராமே. நல்லா போத்திகினு இரு" என்றான் ஏகாம்பரம். டெரிக் தலையாட்டினான்.

பல வருஷம் கழித்து ஏகாம்பரம் இறந்தான். டெரிக்குக்கு எப்படியாவது சொல்லி அனுப்பலாமே என்று அவன் இருந்த தெருவுக்குப் போனேன். அந்த ஓட்டு வீடுகளை இடித்துக் குடோன் கட்டியிருந்தார்கள். அந்தக் குடும்பங்களைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. கடலோரமாக நடந்தேன். மைதானம் முழுவதையும் கடல் கொண்டுபோய்விட்டிருந்தது. குப்பத்தின் முன்வரிசை வீடுகளும் அதோடு போயிருந்தன. ஏகாம்பரம் நின்ற கோல் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குச் சுமாராகக்கூடச் சொல்லத் தெரியவில்லை.